இடது பக்கம் இழுத்த வண்டி

2018 டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம், போடிநாயக்கனூரில் ரயில் வருவது நின்று எட்டு வருடமான ஸ்டேஷனுக்குத் தெற்கே ஒரு தகரக் கொட்டகையில், எம்.டி.யு. 2307 என்ற எண் கொண்ட பழைய ஜீப்புக்கு அடியில் நான் மல்லாந்து படுத்திருந்தேன். கியர் பெட்டியின் அடிமூடியில் ஒரு சொட்டு ஆயில் திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது, விழவில்லை, விழுந்தால் என் நெஞ்சின்மேல் கிடக்கிற அட்டையில், அதில் செருகிய மதிப்பீட்டுத் தாளில் விழும், அட்டையை நகர்த்தலாம், நகர்த்தவில்லை, ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் கம்பி பிரஷும் இருக்கின்றன, தலைக்கு மேலே இடது பக்கச் சேஸிஸ் சட்டம் காய்ந்த செம்மண் அப்பிப்போய் நீளமாக ஓடுகிறது, அதில் எந்த இடத்தைத் தேய்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டே கை வைத்துவிடுவேன், அதனால்தான் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே இரண்டு ஜோடிக் கால்கள் தெரிகின்றன, ரப்பர் செருப்புக்குள் வெடித்த குதிகால்கள் மாயக்காள் மதினியுடையவை, அவை அசையவில்லை, கான்வாஸ் ஷூ போட்ட கால்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகின்றன, அவை சிலுவைமுத்துவுடையவை, சூரியநெல்லியிலிருந்து வண்டி வாங்க வந்தவன், டயரை உதைக்கிறான், கதவில்லாத பக்கத்தில் ஏறி உட்கார்ந்து இறங்குகிறான், அவன் ஏறும்போது வண்டி ஒரு விரல் அளவு என் மேல் இறங்கி மறுபடி எழுகிறது. என்ன சார், சத்தத்தையே காணோம், கீழ படுத்துத் தூங்கிட்டீகளா என்று குனியாமலே கேட்கிறான். மதினியின் குரல் அதற்குப் பதில் சொல்கிறது, வண்டிக்கு அடியில போற ஆம்பளைக சீக்கிரம் எந்திரிச்சு வந்ததா சரித்திரமே இல்லப்பா, எங்க வீட்டுக்காரரு சோறு ஆறுனப்புறம்தான் வருவாரு.

எங்க வீட்டுக்காரரு என்று அவள் சொன்னது பவுன்ராஜ் அண்ணனை, இந்த ஜீப்பை ஓட்டியவர், இந்த ஜீப்பில் செத்தவர், 1996 ஆகஸ்டு 22, போடிமெட்டுச் சாலையில் பதினோராவது கொண்டை ஊசி வளைவில், ஏலக்காய் மூட்டைகளோடு கீழே இறங்கும்போது, சாரல் பெய்துகொண்டிருந்த மத்தியானம், எதிரே வண்டி வரவில்லை, ஜீப் வளைவில் திரும்பாமல் நேரே போய் விளிம்பில் ஒரு மரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து நின்றுவிட்டது, அவர் மட்டும் வெளியே எறியப்பட்டுப் பாறையில் விழுந்தார். வந்து பார்த்த அதிகாரி பிரேக்கை மிதித்துப் பார்த்தார், நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார், இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதினார், சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் உடைந்து கிடந்தது என்றும் எழுதினார், அவ்வளவுதான், மறுநாளைக்குள் ஜீப் ஸ்டாண்டு முழுக்க ஒரே பேச்சு, குடிச்சிட்டு ஓட்டுனான், போய்ச் சேந்தான். எஸ்டேட் முதலாளி நஷ்டஈடு தர முடியாது என்றார், ஆனால் மனம் கேட்கவில்லை என்று சொல்லி அந்த வண்டியையே மதினி பேருக்கு மாற்றிக் கொடுத்தார், புருஷனைக் கொன்ற வண்டியை அவள் இழுத்து வந்து வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நிறுத்தினாள், எத்தனையோ பேர் கேட்டும் விற்கவில்லை, இரும்பு விலைக்குக்கூடக் கொடுக்கவில்லை, இருபத்திரண்டு வருடம் தார்ப்பாய்க்குள் நின்றது. அவர் அன்று குடித்திருந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பார், ஆகஸ்டு 22 வியாழக்கிழமை, முதலாளிக்குப் பாட்டில் வாங்கிப்போகிற பழக்கமும் அவருக்கு உண்டு, இப்படி இருபத்திரண்டு வருடமாக நான் கிழமையை எண்ணிக்கொண்டிருக்கிறேன், வேறொன்றை எண்ணாமல் இருப்பதற்காக.

அந்த வேறொன்று 1996 மே மாதம், வீரபாண்டித் திருவிழா வாரம், அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, மூணாறு ரோட்டில் ஒரு பட்டறையில் வெல்டர், மேஸ்திரி அக்கினிச்சட்டி எடுக்க வீரபாண்டிக்குப் போயிருந்தார், பட்டறை என் பொறுப்பில். பவுன்ராஜ் அண்ணன் இந்த ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறார், நிறுத்தினார், இப்போதும் நிறுத்திக்கொண்டே இருக்கிறார், கனவில் அவர் இறங்குவதே இல்லை, இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், முன்னாடி இடது சட்டத்துல கீறல் விட்ருக்குப்பா, ஸ்டியரிங் பெட்டிக்குப் பின்னால, முதலாளி சாயங்காலத்துக்குள்ள வண்டி மேல வரணும்னு உயிர வாங்குறாரு. கீறலை முதலில் பற்றவைத்து அதன்மேல் ஒரு பட்டைத் தகடு வைத்து அடைக்கவேண்டும், அந்தத் தகட்டின் இரண்டு முனைகளையும் சாய்வாகக் கூராக வெட்டவேண்டும், மேஸ்திரி இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், சட்டத்துக்குக் குறுக்கே நேராக் கோடு இழுத்தேன்னா அந்தக் கோட்டுலயே ஒடையும்டா, சரிவா இழு, பாரம் பிரிஞ்சு போகும். சாய்வாக வெட்ட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், சதுரமாக வெட்டிய தகடு ஒன்று கைவாக்கில் கிடந்தது, நான் அதை வைத்தேன், நேராகக் கோடு இழுத்தேன். முகமூடியின் கறுப்புக் கண்ணாடிக்குள் நெருப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது, பின்னால் நிற்பவர் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும், தாங்குமாப்பா என்றது குரல், யானையே ஏறுனாலும் தாங்கும்ணே என்றேன் நெருப்பைப் பார்த்தபடி, பிறகு கறுப்புத் தார் பெயின்ட் அடித்து மூடினேன், அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், கூலிக்கு மேல் பத்து ரூபாய் பையில் திணித்தார், தங்கச்சிக்குத் திருவிழாவுல வளையல் வாங்கிக் குடு என்றார்.

அக்டோபரில் பட்டறையை விட்டேன், ஏன் என்று மேஸ்திரி கேட்டபோது கண் எரிகிறது என்றேன், அது பொய்யும் இல்லை. வண்டிகளுக்கு மதிப்புப் போடுகிற ஒருவரிடம் உதவிக்குச் சேர்ந்து, அஞ்சல் வழியில் படித்து, பரீட்சை எழுதி, அவருடைய மேஜைக்கே வந்து உட்கார்ந்தேன், வங்கிக் கடனுக்கு, விபத்துக்கு, பாகப்பிரிவினைக்கு என்று இதுவரை மூவாயிரத்துக்குமேல் வண்டிகள் பார்த்துவிட்டேன், உடைந்த இரும்பைப் பார்த்து அது எப்போது உடைந்தது, எதனால் உடைந்தது என்று சொல்வது என் தொழில், அடிபட்டு ஒரே நொடியில் பிளந்த இரும்பு கரகரவென்று கிழிந்த துணிபோல இருக்கும், நாள்பட மெல்ல மெல்லப் பிளந்த இரும்பு ஒன்றோடொன்று உரசி உரசி வழவழவென்று தேய்ந்திருக்கும், துரு பிடித்தாலும் அந்த வித்தியாசம் போகாது, இதை எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தெருவுக்குள் மட்டும் வந்ததில்லை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகவேண்டும் என்றால்கூட மார்க்கெட் வழியாகச் சுற்றிப்போவேன், ரயில் நின்றபோது உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, இனி அந்தப் பக்கம் போக வேலை இல்லை என்று.

பிறகு போன செவ்வாய்க்கிழமை மதினி என் அலுவலகப் படியேறி வந்தாள், மூச்சு வாங்கியது, ஆர்.சி. புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள், தை பிறந்தா மக பாண்டீஸ்வரிகூடத் திருப்பூருக்குப் போறேன் தம்பி, வீட்ட வித்தாச்சு, வண்டியும் போகணும், சூரியநெல்லிக்காரன் ஒருத்தன் வந்து பாத்துட்டுப் போனான், நீங்க வந்து வெல சொல்லணும். வேற ஆளப் பாருங்க மதினி, எனக்குப் பழைய ஜீப்பெல்லாம் அவ்வளவாத் தெரியாது என்றேன். வேற ஆளுக்கு இந்த வண்டியத் தெரியாது தம்பி என்றாள். பட்டறையில் நான் இருந்த காலத்தை நினைத்துச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன், அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

எங்கள் ஊர் ஜீப் ஸ்டாண்டில் பழைய வண்டி கைமாறும்போது ஒரு வழக்கம் உண்டு, வாங்குகிறவனும் விற்கிறவனும் நேருக்கு நேர் பேரம் பேசமாட்டார்கள், இருவருக்கும் பொதுவான ஒருவன் வண்டியைப் பார்த்து, பானெட்டில் உள்ளங்கையை வைத்து, ஒரு தொகை சொல்லவேண்டும், ஒரே தொகை, ஒரே தடவை, வாங்க வந்தவன் அந்த விலைக்கு ஒதுங்கிக்கொண்டால் சொன்னவனே பணத்தை எண்ணிக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளவேண்டும், விற்கிறவர் இது விலையே இல்லை என்று சொல்லிவிட்டால் சொன்னவனை அதற்குப் பிறகு யாரும் பானெட்டில் கை வைக்கக் கூப்பிடமாட்டார்கள். இரண்டு பக்கமும் கத்தி, அதனால் சொல்லுகிற விலை பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும், பதினாறு வருடத்தில் நாற்பது ஐம்பது வண்டிக்குக் கை வைத்திருக்கிறேன், ஒரு தடவைகூட வண்டி என் தலையில் விழுந்ததில்லை.

ஒன்பது மணிக்கு வந்தபோது தார்ப்பாயை எடுத்துவிட்டிருந்தார்கள், நான் முகத்தைப் பார்ப்பதுபோல முன்பக்கத்தைப் பார்த்தேன், லெஃப்ட் ஹேண்ட் வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம், இரண்டு உருண்டை விளக்கில் ஒன்று இல்லை, வலது மட்கார்டு நசுங்கியிருந்தது, கண்ணாடிச் சட்டம் வளைந்திருந்தது, மற்றபடி ஒன்றும் மாறவில்லை, பழைய பெட்ரோல் இஞ்சின் அப்படியே, ஊரில் எல்லோரும் டீசல் இஞ்சினுக்கு மாற்றிய காலத்திலும் அந்த முதலாளி மாற்றவில்லை, இன்றைக்கு அதற்குத்தான் மவுசு. முந்தாநாள் சிலுவைமுத்து மெக்கானிக்கைக் கூட்டிவந்து பழைய ஆயிலை இறக்கிப் புதிதாக ஊற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி எழுப்பினானாம், நாலு தடவை இருமி அஞ்சாவது தடவை புடிச்சிருச்சு சார், மனுசன்கூட இம்புட்டு வருசம் படுத்தா எந்திரிக்க மாட்டான் என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை, எதுக்கு எடுக்குறீங்க என்று கேட்டேன், வீட்டில் நிறுத்தி அழகு பார்க்கிறவனாக இருக்கவேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே கேட்டேன். கொழுக்குமலைக்குத்தான் சார், டூரிஸ்ட்டு ட்ரிப்பு, புது ஜீப்புல ஏறுறத விட இந்த மாதிரித் தொறந்த பழைய வண்டியில ஏறி போட்டோ எடுக்கத்தான் சனம் ஆசப்படுது, ஆறு பேர ஏத்தலாம், கொழந்த குட்டியோட வந்தா எட்டுப் பேரு, முன் பம்பர் மட்டும் ஒரு விரக்கடை சாஞ்சிருக்கு, அடிபட்ட வண்டிதானே, தட்டி நிமித்திக்கலாம்ல. பாக்குறேன் என்றேன். சாக்கை விரித்துக் கீழே போனேன்.

கீழே போனவன் முதலில் கணக்குத்தான் போட்டேன், இஞ்சின், கியர் பெட்டி, முன்னும் பின்னும் ஆக்ஸில், நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற லீவர் வேலை செய்கிறது, பேப்பர் சுத்தம், பாடித் தகடு எழுபது சதவீதம் நன்றாக இருக்கிறது, இந்த வருடத்து மலைச் சந்தையில் இது இரண்டு நாற்பது, அதாவது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், சட்டம் நன்றாக இருந்தால், சட்டம் நன்றாக இருந்தால் என்று தாளில் எழுதாமல் மனதில் எழுதிக்கொண்டேன். அந்தச் சொட்டு இன்னும் தொங்குகிறது. மதினியின் குதிகால் இன்னும் அசையவில்லை. தேய்க்காமலே எழுந்து போய்விடலாம், பானெட்டில் கை வைத்து இரண்டு நாற்பது என்று சொல்லிவிடலாம், சிலுவைமுத்து எடுத்துக்கொள்வான், மதினி திருப்பூருக்குப் போய்விடுவாள், நான் மார்க்கெட் வழியாகச் சுற்றாமல் இனி நேரே வீட்டுக்குப் போகலாம், ஒரு நாள் காலை கொழுக்குமலைப் பாதையில், அந்தப் பாதை பாதையே இல்லை, பாறைமேல் பாறை, ஈரத்துணியைப் பிழிவதுபோல வண்டி முறுகி முறுகி ஏறும், ஒரு குழந்தை முன்னால் யார் மடியிலோ உட்கார்ந்திருக்கும். கம்பி பிரஷை வைத்தேன், தேய்த்தேன்.

செம்மண் பொலபொலவென்று முகத்தில் உதிர்ந்தது, அதற்குக் கீழே என் தார் பெயின்ட், அதற்குக் கீழே என் தகடு, சதுரமாக, வெட்கமில்லாத சதுரமாக, தகட்டின் ஓரத்தில் மேலிருந்து கீழாக நேராக இறங்குகிற என் கோடு, கோடு முடிகிற இடத்தில் வெல்டிங் ராடை எடுக்கும்போது நான் எப்போதும் விடுகிற சின்னக் கொக்கி, ஒவ்வொருவன் கைக்கும் ஒரு கொக்கி உண்டு, நாற்பது பேர் வேலையைக் கலந்து வைத்தாலும் என்னுடையதை நான் எடுத்துவிடுவேன். கொக்கிக்குப் பக்கத்தில், கோட்டை ஒட்டியே, ஒரு மயிரிழைப் பள்ளம். சுத்தியலால் தட்டினேன், இரும்பு கணீரென்று சொல்லவேண்டிய இடத்தில் பொத்தென்று சொன்னது, தட்டிய அதிர்வில் ஆயில் சொட்டு விழுந்தது, தாளின் கீழ்ப்பகுதியில் விழுந்து மெல்ல விரிந்தது. பள்ளத்தில் இருந்த மண்ணையும் பழைய கிரீஸையும் ஊசியால் நோண்டி எடுத்து டார்ச்சை நெருக்கிப் பிடித்தேன், பிளவு சட்டத்தின் அடியில் தொடங்கி முக்கால்வாசி உயரம் ஏறியிருந்தது, அடியிலிருந்து மூன்று விரல் வரைக்கும் விளிம்புகள் ஒன்றையொன்று உரசி வழவழவென்று இருந்தன, அதற்கு மேலே ஒரு விரல் அளவு கரகரவென்று கிழிந்திருந்தது. மூன்று விரல் மெல்ல, ஒரு விரல் ஒரே நொடியில். பதினோராவது வளைவுக்குப் பிறகு இந்த வண்டி ஓடவில்லை, ஓடாத வண்டியில் இரும்பு உரசாது, ஆகவே அந்த மூன்று விரலும் அதற்கு முன்னால், மே மாதத்துக்கும் ஆகஸ்டு மாதத்துக்கும் நடுவில், ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்டியரிங் பெட்டி இந்தச் சட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, சட்டம் விரிந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், முழுக்க விரிந்தால் திருப்பினாலும் கேட்காது.

இடது பக்கம் இழுக்கும். இதை நான் மறந்திருந்தேனா, அல்லது நடக்காத ஒன்றைப் பிறகு நானே உண்டாக்கிக்கொண்டேனா, இது மட்டும் எனக்குத் தெளிவாகவே தெரிந்ததில்லை. சில நாள் கனவில் வரும், பட்டறை வாசல், மழைக்கு முந்தின வெளிச்சம், பவுன்ராஜ் அண்ணன் ஜீப்பிலிருந்து இறங்காமல் தலையை மட்டும் வெளியே நீட்டுகிறார், லேசா இடது பக்கம் இழுக்குதுப்பா, ஒருக்கா பாத்துரு, நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன், இப்போது படுத்திருப்பதுபோலவே, எழுந்து வர சோம்பலாக இருக்கிறது, கீழே இருந்தபடியே சொல்கிறேன், டயருக்குக் காத்துக் கம்மியா இருக்கும்ணே, அடிச்சிட்டுப் போங்க. கனவில் மட்டும் வந்தால் கனவு, ஆனால் சில நாள் டீக்கடையில் நிற்கும்போதும் வரும், பல் தேய்க்கும்போதும் வரும், அப்போது அதற்கு ஒரு தேதி இருக்கும், ஆகஸ்டு நடுவில், சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றிய கம்பம் எதிர்த்த பள்ளிக்கூடத்தில் இன்னும் நின்றிருந்தது, பிறகு அந்தக் கம்பமும் கனவில் வந்ததுதானோ என்று சந்தேகம் வரும், சந்தேகம் வந்ததும் ஆறுதலாக இருக்கும். இருபத்திரண்டு வருடம் அந்தச் சந்தேகத்தை நான் பொத்திப் பொத்தி வளர்த்தேன்.

வெளியே வந்தேன். வெயில் கண்ணில் அடித்தது. மதினி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஆர்.சி. புத்தகம். சிலுவைமுத்து கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான், என்ன சார், மூஞ்சியெல்லாம் மண்ணு, பூமிக்கு அடியில போயிட்டு வந்த மாதிரி இருக்கீக, கைய வைங்க, நல்ல நேரம் போயிரப் போகுது. பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன், சூடாக இருந்தது, வெயில் சூடுதான். ரெண்டு லச்சத்து நாப்பதாயிரம் என்றேன், ஆனா சிலுவைமுத்து, நீங்க எடுக்காதீங்க, சட்டம் முறிஞ்சிருக்கு, மலைக்கு ஆகாது, நீங்க ஒதுங்கிக்கங்க, வழக்கப்படி நானே எடுத்துக்கறேன், மதினிக்குப் பணத்தை நாளைக்கு பேங்கு தொறந்ததும் குடுத்துருவேன். சிலுவைமுத்து என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான், சார், வெயிலு ஏறிருச்சா, சட்டம் முறிஞ்ச வண்டிக்கு ரெண்டு நாப்பதா, அப்ப எங்க ஊர்ல முறிஞ்ச வண்டி மூணு நிக்கிது, ஓட்டிட்டு வரட்டா.

மதினி சிரிக்கவில்லை. தம்பி, நான் வண்டியோட வெலையத்தான் கேட்டேன் என்றாள், உங்க வெலையக் கேக்கல. அவள் குரல் உயரவில்லை, அரிசியில் கல் பொறுக்குகிற குரல், அந்தக் குரலுக்கு என் கை பானெட்டிலிருந்து தானாக இறங்கியது. எப்ப முறிஞ்சதுன்னு சொல்லுங்க என்றாள். அடிபட்டதுல என்று சொல்லியிருக்கலாம், அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது, சிலுவைமுத்து நம்பியிருப்பான், ஊர் நம்பியிருக்கும், விலையும் சரியாக இறங்கியிருக்கும், யாரும் மலையில் சாகமாட்டார்கள், பவுன்ராஜ் அண்ணன் மட்டும் குடிகாரனாகவே இருப்பார், பாண்டீஸ்வரியைப் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டுக்காரர்கள் குடிகாரன் மகள் என்று எழுந்து போனார்களே, அவர்கள் எழுந்து போனது சரியாகவே இருக்கும். முன்னாடியே முறிஞ்சிருச்சு மதினி என்றேன், விழுகுறதுக்கு முன்னாடியே, கொஞ்சம் கொஞ்சமா, கடைசில அந்த வளைவுல முழுசா விட்ருச்சு, ஸ்டியரிங்கு கேட்டிருக்காது, அவரு திருப்பித்தான் இருப்பாரு. பிறகு வாய் நிற்கவில்லை, தகட்ட நேரா வச்சேன், சரிவா வைக்கணும், எனக்குத் தெரியும், மேஸ்திரி சொல்லித்தான் குடுத்திருந்தாரு, அவசரம்னு நேரா வச்சேன், அந்த வெல்டு என்னுது மதினி.

தெரியும் என்றாள். டார்ச்சக் குடுங்க. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்து முனகியபடி சாக்கின்மேல் உட்கார்ந்து, பிறகு படுத்து, அறுபது வயதுக்காரி, வண்டிக்கு அடியில் நகர்ந்து போனாள், சிலுவைமுத்து பதறிப்போய் அக்கா அக்கா என்றான், இப்போது ரப்பர் செருப்புகள் மட்டும் வெளியே தெரிந்தன, நான் குனிந்து, இடது பக்கம், தலைக்கு மேலே, கொக்கி மாதிரி இருக்கும் பாருங்க, அதுக்குப் பக்கத்துல என்றேன். டார்ச் வெளிச்சம் நகர்ந்து அந்த இடத்தில் போய் நின்றது. விரலால் தடவிப் பார்த்திருப்பாள். உள்ளே இருந்தபடியே பேசினாள், தகரக் கொட்டகைக்குள் அந்தக் குரல் எங்கிருந்தோ வருவதுபோல இருந்தது, சாகுறதுக்கு நாலு நா முன்னாடி பட்டறைக்கு வந்தாரு தம்பி, வண்டி இடது பக்கம் இழுக்குதுன்னு, திரும்பி வந்து சோறு திங்கையில சொன்னாரு, காத்துதான் கம்மின்னு சொன்னான், அடிச்சிட்டு வந்துட்டேன், இப்பப் பரவால்லன்னு. பரவால்லன்னுதான் சொன்னாரு.

அப்படியானால் அது நடந்தது. பள்ளிக்கூடத்துக் கம்பம் நின்றிருந்தது. நான் கீழே படுத்திருந்தேன், எழுந்து வரவில்லை. மதினி வெளியே வந்து, முடியிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, சிலுவைமுத்து கொடுத்த கையைப் பிடித்து எழுந்து மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தன வருசம் ஏங்கிட்ட ஏன் கேக்கல மதினி என்றேன். கேட்டா நீங்க இல்லைன்னு சொல்லிருப்பீக, இரும்பு சொல்லட்டும்னுதான் நிப்பாட்டி வச்சேன், தார்ப்பாய் மட்டும் ஏழு மாத்திட்டேன் என்றாள், அவளுக்கு அதில் லேசான பெருமைகூட இருந்தது. பிறகு, இப்ப வெல சொல்லுங்க. ரெண்டாந் தடவ சொல்றது வழக்கம் இல்லையே அக்கா என்று சிலுவைமுத்து மெதுவாக இழுத்தான். மொதல்ல சொன்னது வெலையே இல்லப்பா, அது கணக்குல வராது என்றாள்.

பானெட்டில் மறுபடி கையை வைத்தேன், அதே சூடு. அறுபத்தெட்டாயிரம், உதிரியாப் பிரிச்சு எடுத்துக்கறதா இருந்தா, இந்தச் சட்டத்தோட எக்காரணத்தக் கொண்டும் வண்டி ஓட்டக்கூடாது என்றேன். கொழுக்குமலை சிலுவைமுத்துவின் கண்ணிலிருந்து இறங்கிப் போவதைப் பார்த்தேன், சரி சார், இஞ்சினுக்கு ஆகும் என்றான், பிறகு என் பக்கம் திரும்பாமல், எம் பொஞ்சாதிதான் மொத ட்ரிப்பு நான் வருவேன்னு சொல்லிட்டிருந்தா என்றான். மதினி தலையசைத்தாள், எழுதிக் குடுங்க தம்பி, சட்டம் எப்ப முறிஞ்சது, எதனால முறிஞ்சதுன்னு, எல்லாம். நான் அட்டையை எடுத்தேன், தாளின் கீழே சொட்டு விழுந்த இடம் ஒரு ரூபாய் காசு அளவுக்கு விரிந்திருந்தது, இது அழுக்காயிருச்சு, ஆபீசுக்குப் போய் வேற தாள்ல டைப் அடிச்சுத் தரேன் மதினி என்றேன். இருக்கட்டும், இதுலயே எழுதுங்க, இங்கனயே எழுதுங்க என்றாள். வண்டியின் வலது மட்கார்டில் அட்டையை வைத்து எழுதினேன், இடது சேஸிஸ் சட்டத்தின் முறிவு விபத்துக்கு முந்தையது, காரணம் 1996 மே மாதம் தவறான முறையில் வைக்கப்பட்ட வெல்டு, ஸ்டியரிங் செயலிழக்க இதுவே போதுமான காரணம், வெல்டு வைத்தவர் என்று எழுதி ஒரு நொடி நின்று, என் பெயரை எழுதினேன், அதற்குக் கீழே மதிப்பீட்டாளர் என்று மறுபடி அதே பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பையிலிருந்து ரப்பர் சீலை எடுத்து ஊதிக் குத்தினேன். அவர் குடித்திருந்தாரா என்பதைப் பற்றி இரும்பு எதுவும் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. மதினி எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள், இரண்டு இடத்திலும் என் பெயர் வந்தபோது விரல் வைத்து நிறுத்திப் படித்தாள், நாலாக மடிக்காமல் அப்படியே ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்தாள், மோர் குடிக்கிறீகளா தம்பி என்று கேட்டாள், இல்ல மதினி என்றேன்.

புதன்கிழமை வண்டியைப் பிரித்தார்கள். சிலுவைமுத்து அறுபத்தெட்டாயிரம் கொடுத்து இஞ்சினையும் கியர் பெட்டியையும் இரண்டு ஆக்ஸிலையும் ஏற்றிப் போனான், சட்டத்தைக் கொட்டகையிலேயே அறுத்து இரும்புக் கடைக்குப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஜீப் ஸ்டாண்டில், டிரைவர்கள் ட்ரிப் வரிசை எழுதுகிற பலகைக்குப் பக்கத்தில், அந்தத் தாளின் நகல் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது, ஏழெட்டுப் பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள், நான் போனதும் வழி விட்டார்கள். சீலும் கையெழுத்தும் தெளிவாக இருந்தன. ஆயில் சொட்டு விழுந்த இடம் நகலில் கறுப்பு வட்டமாக வந்திருந்தது.